போகாத ஊர்களின் புத்தகம்

ஜனவரி 9

என் பெட்டிக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் ‘ம்’ என்பீர்கள், அதனால் கேட்கவில்லை. இருமல் போய்விட்டதா என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு ‘ம்’ போதாது.

நீங்கள் அனுப்பிய வெறும் பக்கம் போன வாரம் வந்தது. கலங்கரை விளக்குக்கு ஜன்னல் வெட்டி, பின்னால் சக்கரம் பொருத்தி, அதன் ஓரம் பக்கத்துக்கு வெளியே நகம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருக்கிறீர்களே, விரலால் தள்ளினால் எவ்வளவு மெத்தென்று சுற்றுகிறது! ஆனால் கூட வந்த கடிதம்? ‘பக்கம் அனுப்பியிருக்கிறேன்.’ அவ்வளவுதான். பக்கம் வந்திருப்பது எனக்கே தெரிகிறதே ஐயா. வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடும், பேனாவைத் திறந்தாலுமா?

என் பங்கைச் செய்து திருப்பி அனுப்புகிறேன். கடலுக்கு நீலம் பூசி, காய்ந்த பிறகு எங்கள் கடையில் மூக்குக்கண்ணாடி துடைக்கக் கொடுக்கும் துணியைச் சுருக்கிச் சுருக்கி அலையாக ஒட்டினேன். கரைக்கு உப்புத்தாள். தடவிப் பாருங்கள், மணல் மாதிரியே இருக்கும். ஜன்னலில், புது ஃபிரேமோடு வருகிற பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் பதித்தேன். (கழற்றித் தூக்கித்தான் போடுவோம். திருட்டு இல்லை.) சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள். சுற்றினால் வெளிச்சம் ஜன்னலைக் கடந்து போகிறது, இருட்டாகிறது, திரும்ப வருகிறது. அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.

கீழே தைத்திருக்கும் பை உங்கள் கோடு போட்ட சட்டையின் பாக்கெட். அந்தச் சட்டை எப்படி என்னிடம் வந்தது என்று கேட்கக் கூடாது. உள்ளே சின்னச் சின்ன அட்டைகள் இருக்கின்றன. அந்த ஊருக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும், வந்ததைச் செய்ய வேண்டும்.

நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறைத் தையல்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க வேண்டும்.

“யாருக்குங்க இதெல்லாம்?”

“என் வீட்டுக்காரருக்கு.”

“அவர் எங்க இருக்கார்?”

“வீட்டுல.”

“அப்போ நீங்க ஏன் இங்க இருக்கீங்க?”

சொன்னேன். கல்யாணமான புதிதில் எங்கும் போக முடியாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் செய்தித்தாளை விரித்துப் போட்டு இருவரும் ஆரம்பித்த புத்தகம் இது என்றேன். இழுக்கிறது, சுற்றுகிறது, திறக்கிறது எல்லாம் அவர் வேலை. நிறமும் ஆட்களும் என் வேலை. நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத ஊருக்குத்தான் அதில் இடம் என்றேன்.

“அவ்வளவு ஒத்துமையா இருந்துட்டு ஏன் வந்தீங்க? குடிப்பாரா?”

“இல்ல.”

“கை நீட்டுவாரா?”

“பேச மாட்டார்.”

அவள் சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்துவிட்டது. “இதுக்கெல்லாமா வீட்டை விட்டு வருவாங்க!” என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? வாய் ஓயாமல் பேசுகிற ஆளைக் கட்டிக்கொண்டவள். ஒரு வீட்டில் ஒருத்தி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், கொஞ்ச காலத்தில் அவள் குரலே அவளுக்குப் பிடிக்காமல் போய்விடும். போனில் உங்கள் ‘ம்’மைக் கேட்டுக் கேட்டு அழுததால்தான் இனி போன் வேண்டாம், கடிதம் போதும் என்றேன். கடிதத்தில் ‘ம்’ போட முடியாதே என்று நினைத்தேன். நீங்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அடுத்த பக்கத்தோடு நாலு வரியாவது எழுதுங்கள்.

கண்ணாடி


ஜனவரி 21

கண்ணாடிக்கு,

இருமல் போய்விட்டது.

பக்கம் கிடைத்தது. நன்றாக இருக்கிறது. இதோடு நிறுத்தினால் உனக்குக் கோபம் வரும். ஆகவே மேலும் எழுதுகிறேன். கடல் நன்றாக இருக்கிறது. அலை நன்றாக இருக்கிறது. வில்லை பதித்தது ரொம்ப நன்றாக இருக்கிறது.

தொழிற்சாலையில் செருப்புப் பெட்டிக்கு அட்டை வெட்டும் புது அச்சு செய்கிறேன். மூடி ஒரே இழுப்பில் திறந்து, விட்டால் தானாக மூடிக்கொள்ள வேண்டுமாம். மேலாளர், “இந்த ஐடியாவெல்லாம் உங்களுக்கு எங்கேருந்துங்க வருது?” என்று கேட்டார். நமது பாலைவனப் பக்கத்தில் கூடாரத்துக்கு நான் வைத்த கதவுதான் அது. அவரிடம் சொல்லவில்லை.

சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து பக்கத்தைப் பார்த்தாள். “கோர்ட்டுலேருந்து நோட்டீஸ் வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே கவரைப் பிரிச்சா, உள்ளேருந்து லைட் ஹவுஸ் வருது! புருஷன் பொண்டாட்டி செய்ற வேலையாடா இது?” என்றாள். அப்புறம் வெகுநேரம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ‘கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கே போட்டோம் என்பதை மறக்க வேண்டும்’ என்று வந்தது. “இவ எப்பவுமே இப்படித்தான்” என்று சொல்லிவிட்டுப் போனாள். திட்டினாளா பாராட்டினாளா தெரியவில்லை.

புத்தகம் தடித்துவிட்டது. மூட முடியவில்லை. நாடா போட்டுக் கட்டி, தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

அதே ஊருக்கு இன்னொரு பக்கம் அனுப்புகிறேன். படகு. ஓரத்தில் இருக்கும் அட்டை நாக்கை இழுத்தால் படகு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும். நீ ஆட்களை வரை. எனக்கு மனிதர்கள் வரைய வராது. உனக்குத் தெரியும்.

வேறு ஒன்றும் இல்லை.

பெட்டி


பிப்ரவரி 17

அன்புப் பெட்டிக்காரருக்கு,

அடேயப்பா, ஒரு முழுப் பக்கம்! தையல்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இவரா பேச மாட்டார்?” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். உங்களால் எனக்கு இந்தக் கெட்ட பெயரும் வந்தது.

கடையில் ஒரு சிரிப்பு. போன வாரம் ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு வந்தார். போர்டில் இருக்கும் எழுத்துகளை ஒன்றுவிடாமல் கடகடவென்று படித்தார். கடைசி வரி வரைக்கும். எனக்கே மலைப்பாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நான் போர்டு விளக்கையே போடவில்லை. உட்கார்ந்திருந்த நேரத்தில் தனக்கு முன்னால் போனவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார். “ஏங்க இப்படி?” என்றால், “கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துடுவீங்கன்னு பார்த்தேன்மா” என்கிறார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கேன் என்று சொல்வதற்கு மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். கடைக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். எங்கே தெரியுமா? கடற்கரை ஊரில். கலங்கரை விளக்கு இருக்கிற ஊர். நாம் காலண்டர் படத்தைப் பார்த்துச் செய்தோமே, சாட்சாத் அதே ஊர். என்னைப் பொறுப்பெடுத்து நடத்தச் சொல்கிறார்கள். “உங்களுக்கு அங்க குடும்பம் அப்படி இப்படின்னு சிக்கல் ஒண்ணும் இல்லையே?” என்று மேலாளர் கேட்டார். மார்ச் நடுவில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படகுப் பக்கத்தை எடுத்து உட்கார்ந்தேன். படகுக்குப் பழுப்பு நிறம் கொடுத்தேன், டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்த தாள். பாய்க்கு என் பழைய சேலையின் ஓரம். படகில் இப்போதைக்கு என்னை மட்டும் வரைந்திருக்கிறேன். நாக்கை இழுத்தால் படகு நகரும்போது பாய் விரியும். அதில் ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன். ‘போகலாமா?’

நீளமாகக் கேட்டு உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. உங்கள் பாணியிலேயே ஒற்றைச் சொல்லில் கேட்டிருக்கிறேன். பாயின் பின்பக்கம் வெள்ளையாக விட்டிருக்கிறேன். அதில் பதில் எழுதுங்கள். எனக்காக யோசித்து எழுத வேண்டாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள்.

தபால்காரரை இனிமேல் நான் விரோதி மாதிரி பார்க்கப் போகிறேன், பாவம்.

உங்கள் கண்ணாடி


மார்ச் 5

கண்ணாடிக்கு,

படகை இழுத்துப் பார். பதில் எழுதியிருக்கிறேன்: போகலாம்.

உன் பக்கத்தில் என் வேலையையும் செய்திருக்கிறேன். புது பிளேடு போட்டு வெட்டினேன். பிசிறு இல்லை.

பெட்டி


மார்ச் 30

கண்ணாடிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மூட்டை கட்டுகிற அவசரத்தில் இருப்பாய். பரவாயில்லை. இந்த முறை நான் எழுதுகிறேன், நீ படி.

வேலையை விட்டுவிட்டேன். மேலாளர் நம்பவில்லை. “சம்பளம் போதலையா? வேற கம்பெனியா?” என்றார். “கடலுக்குப் போறேன்” என்றேன். அவர் பதறிப்போய் எழுந்து கதவைச் சாத்தி, என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்ங்க, உயிர் பெருசு” என்றார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஊரில் மீன் அனுப்பும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெட்டி வேண்டும். பெட்டி இருந்தால் அச்சு வேண்டும். என் பிழைப்பு ஓடிவிடும்.

அக்காவிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. “நல்லபடியா போய்ச் சேருடா” என்று சொல்லிவிட்டு, அர்த்தம் மாறிப்போனது தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பரிகாரமாகத் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் அவளே துடைத்துக் கொடுத்தாள்.

சாமான்களுக்குப் பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். கடையில் வாங்குகிற பெட்டி எதற்கும் சரியாகப் பொருந்தாது. உன் நிலைக்கண்ணாடிக்கு ஒன்று. நீ விட்டுப்போன மிதியடிகளுக்கு ஒன்று. கரண்டிகளுக்கு உள்ளே தடுப்பு வைத்து ஒன்று. குலுக்கினால் சத்தமே வரவில்லை. தொழிற்சாலையில் இவ்வளவு ஆசையாக ஒரு பெட்டியும் செய்ததில்லை.

வீடு பார்த்துவிட்டாயா? இரண்டு பேருக்குப் போதுமா? ஜன்னல் இருக்கிறதா? நான் எந்தத் தேதிக்கு வரட்டும்? நீ முன்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வாயா, இல்லை இங்கே வந்து சேர்ந்தே கிளம்புவோமா?

நீ வெளியே போனதிலிருந்து வீட்டில் ரேடியோவை அணைப்பதில்லை. யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போல இருக்கிறது. முன்பு நீ பேசிக்கொண்டிருப்பாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுவே நான் பேசியது போலத்தான் எனக்கு இருந்தது. உனக்கு அப்படி இல்லை என்பது நீ போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இவ்வளவும் நான்தான் எழுதினேன். அக்கா எழுதிக் கொடுக்கவில்லை.

உன் பெட்டி


ஏப்ரல் 12

திரு. பெட்டிக்காரர் அவர்களுக்கு,

புது முகவரி உறையில் இருக்கிறது. தெரிவிக்க வேண்டியது முறை என்பதால் தெரிவிக்கிறேன்.

உங்கள் ‘போகலாம்’ கிடைத்தது. மார்ச் கடைசி வாரமே வந்துவிட்டேன். கிளம்புவதற்கு முன்னால் சொல்லவில்லை. அனுமதி கொடுத்த பிறகு இன்னும் என்ன சொல்ல இருக்கிறது?

‘நீங்க போகலாம்.’ நேர்காணலுக்குப் போனால் கடைசியில் அப்படிச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்து அப்படிச் சொல்வார்கள். நான் என்ன கேட்டேன் என்று உங்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது. புரிந்துதான் அந்தப் பதிலை எழுதினீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். படகில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் பிளேடால் கிழித்து அனுப்பியிருக்கிறீர்கள். பிசிறு இல்லாமல் வெட்டியதாகப் பெருமை வேறு.

‘போகாதே’ என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன். ‘நானும் வருகிறேன்’ என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒன்றைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்? பஸ்ஸில் ஜன்னல் ஓரம். ஒரு வளைவில் திரும்பியதும் கடல் வந்துவிட்டது. பாதி வானத்தை எடுத்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. நாம் பூசிய நீலம் அதில் எங்குமே இல்லை. காலையில் ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு சாம்பல், மத்தியானம் பச்சை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், “முதல் தடவையா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “யாரையாவது பார்க்கப் போறியா?” என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவளே என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துத் தந்தாள். அழுதுகொண்டே தின்றேன். நல்ல பழம்.

கடை சின்னது. இங்கே மீனவர்களுக்கு வெயில் பட்டுப் பட்டுக் கண் சீக்கிரம் கெட்டுப்போகிறது. தூரத்தில் படகைப் பார்த்தால் யாருடையது என்று சொல்லிவிடுகிறார்கள், கையில் இருக்கிற சீட்டைப் படிக்க முடியவில்லை. முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்ட ஒருவர் தன் மனைவியைப் பார்த்து, “உனக்கு இங்க மச்சம் இருக்கா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. அந்தம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு உங்கள் நினைவாகவே இருந்தது. வெறுப்பாக இருந்தது, நினைவாகவும் இருந்தது.

நாம் பார்க்காத ஊருக்குத்தான் புத்தகத்தில் இடம். நான் பார்த்துவிட்டேன். விளக்குப் பக்கத்தையும் படகுப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். மற்ற ஊர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி வெறும் பக்கம் அனுப்ப வேண்டாம். என்னிடம் நிறம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடை எண் ஏழின் பொறுப்பாளர்


ஏப்ரல் 21

என் கண்ணாடிக்கு,

மார்ச் 30 அன்று உன் பழைய அறைக்கு எழுதிய கடிதம், ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று எழுதி உன் கடிதம் வந்த அன்றே எனக்குத் திரும்பி வந்தது. உறை பிரிக்காமல் இதற்குள் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. அப்புறம் இதைப் படி.

படித்துவிட்டாயா?

நான் எழுதியது ‘நாம் போகலாம்’. ‘நாம்’ போடவில்லை. நீயும் கேட்கும்போது போடவில்லை. நீ போடாததால் நானும் போடவில்லை. பாயும் சின்னதாக இருந்தது. ‘போகலாமா’ என்று நீ கேட்டதைப் படித்தவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். “போகலாம், போகலாம்” என்று. கேட்டிருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். தாளில் குரல் வரவில்லை.

அந்த வெட்டு. நான் மனிதர்களை வரைய மாட்டேன், அது உன் வேலை. ஆள் செருக வேண்டிய இடத்தில் கீறல் போட்டு வைப்பது என் வேலை. நீ என்னை வரைந்து, கத்தரித்து, அந்தக் கீறலில் செருக வேண்டும். உட்காரவும் வைக்கலாம், எழுப்பவும் செய்யலாம். அதற்காக அளவெடுத்து வெட்டினேன். இத்தனை பக்கம் இப்படித்தானே செய்தோம், உனக்குச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டேன். எங்கள் அச்சில் இரண்டு விதத் தகடு உண்டு. ஒன்று வெட்டுவதற்கு, ஒன்று மடிப்பதற்கு. பார்க்க ஒன்று போல இருக்கும், அழுத்திய பிறகுதான் தெரியும். என் பேச்சும் அப்படி ஆகிவிட்டது.

உன் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “ஏன்டா, கூட ஒரு வார்த்தை போட்டா உன் சொத்தா போயிடும்?” என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதுவரை பெரிதாக என்ன பேசிவிட்டது, அது இருந்தால் என்ன போனால் என்ன.

நீ பஸ்ஸில் அழுதாய் என்று படித்தேன். அந்த அம்மாள் உன் கையைத் தட்டிக் கொடுத்தாள் என்று படித்தேன். அவளுக்கு என் நன்றி. அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இதைவிட வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

பக்கங்களை எடுக்கவில்லை. நாம் இரண்டு பேரும் பார்த்த ஊரைத்தான் எடுக்க வேண்டும். நான் இன்னும் பார்க்கவில்லை.

வேலையை விட்டது விட்டதுதான். என் மேஜைக்குப் புது ஆள் வந்துவிட்டார். வீட்டுச் சாமான் எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது. கரண்டியை மட்டும் தினம் எடுத்துச் சமைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கிறேன். அதற்காக நீ இரக்கப்பட வேண்டாம். அந்த ஊர் உனக்குத் தனியாகவே பிடித்துவிட்டது என்றால் அதையும் எழுது. படித்துக்கொள்வேன்.

இனி எழுவாய், பயனிலை எல்லாம் போட்டு எழுதுகிறேன். நான் உன்னை விட்டுப் பிரிந்திருக்க விரும்பவில்லை. நான் உன் ஊருக்கு வந்து உன்னோடு குடியிருக்க ஆசைப்படுகிறேன். நீ பேசும்போது நான் பதில் பேசுவேன். நன்றாகப் பேச வராது. ஆனால் பேசுவேன். நான் வரட்டுமா?

உன் கணவன்


ஏப்ரல் 29

என் மனுஷருக்கு,

உங்கள் கடிதம் கடை திறக்கிற நேரத்தில் வந்தது. படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த முதல் ஆளுக்கு இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு இடது கண்ணுக்கே கண்ணாடி மாட்டிப் பார்த்திருக்கிறேன். “ஒண்ணுமே தெரியலையேம்மா” என்று அவர் பயந்துபோனார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி, பின்னால் ஃபிரேம் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, திரும்பி வந்த கடிதத்தைப் படித்தேன். மிதியடிக்குப் பெட்டியாம். அந்த மிதியடி வார் அறுந்துதானே அங்கே விட்டுவிட்டு வந்தேன்!

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. அதற்கும் பிறகு, நம்பினால் நம்புங்கள், கோபம் வந்தது. முன்பைவிட அதிகமாக.

ஏனென்று சொல்கிறேன். நீங்கள் என்னை விட்டுவிட்டீர்கள் என்ற கோபத்தில்தான் நான் பஸ் ஏறினேன். இல்லாவிட்டால் ஏறியிருக்க மாட்டேன், அவ்வளவு தைரியம் எனக்கு ஏது? அந்தக் கோபத்தில்தான் வீட்டுச் சொந்தக்காரரிடம் கறாராக வாடகை பேசினேன். தனியாகக் கடற்கரைக்குப் போனேன், தனியாகச் சாப்பிட்டேன், ராத்திரி கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பயமில்லாமல் தூங்கினேன். இந்த ஊரில் நான் அமைத்துக்கொண்ட வாழ்க்கை முழுக்க அந்தக் கோபத்தின் மேல்தான் நிற்கிறது. இப்போது வந்து, அப்படி ஒன்றும் இல்லை, ஒரு சொல் குறைந்துவிட்டது என்கிறீர்கள். இவ்வளவு கோபத்தையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அதற்கும் ஒரு பெட்டி செய்வீர்களோ?

சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று இருக்க வேண்டாம். நான் இந்த ஊரை விட்டு வர மாட்டேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, தனியாகவே பிடித்திருக்கிறது. காலையில் கடைக்கு நடந்து போகும்போது என்னையறியாமல் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு போகிறேன். என் குரல் எனக்கு மறுபடி பிடித்துப் போயிற்று. அதை யாருக்காகவும் நான் விட மாட்டேன், உங்களுக்காகவும்தான்.

இதெல்லாம் உண்மை. சாயங்காலம் கடலைப் பார்க்கும்போது பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்லப் போய், யாரும் இல்லாமல் வாயை மூடிக்கொள்கிறேன் என்பதும் உண்மை. ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு நாளாவது மறப்பேன் என்று பார்த்தேன், மறக்கவில்லை.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு சொல்லைக் கெடுத்து வைப்போம். பஸ் நிலையத்தில் இறங்கி, ஐஸ் தொழிற்சாலையின் சுவரை ஒட்டியே நடந்து வந்தால், நீலக் கதவு போட்ட வீடு. பூட்டியிருந்தால் கடையில் இருப்பேன். சாமான்கள் பிறகு வரட்டும்.

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கிறது. வந்ததும் அதில் நீங்கள் உட்காருங்கள். நான் நின்றுகொண்டு திட்டுகிறேன். நிறைய இருக்கிறது, சீக்கிரம் முடியாது. நடுநடுவே நீங்களும் பதில் சொல்ல வேண்டும். அது முடிகிற வரைக்கும், சொல்லிவிட்டேன், நீங்கள் எங்கேயும் போகக் கூடாது.

உங்கள் மனைவி